ஏழாம் வகுப்பின் தீச்சத்து

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஃபார்முலா டீச்சர். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள். வகுப்புக்குள் கால் வைத்ததும், பிள்ளைகள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கரும்பலகையில் ஒரு சமன்பாடு ஏறியிருக்கும். அந்தப் பெயர் அவள் காதுக்கும் வந்திருந்தது. இதைவிட மோசமான பெயரெல்லாம் மற்ற டீச்சர்களுக்கு இருக்கிறது, நம்மை இதோடு விட்டார்களே என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தவள் பிரசவ விடுப்பில் போனதும், தலைமையாசிரியை இவளைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வார்கள்.

"மூணு மாசம்தான் டீச்சர். சின்னப் பிள்ளைங்க. உங்களுக்கு இதெல்லாம் ஊதித் தள்ற வேலை."

ஊதித் தள்ளத்தான் போனாள். கரி எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கான சமன்பாட்டைப் பலகையில் எழுதி, "கார்பன் ஆக்ஸிஜனோட சேர்ந்து எரியுது" என்று திரும்பிப் பார்த்தால், பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தாடை கழன்று விழுகிற மாதிரி கொட்டாவி விட்டான். அவன் பெயரே கொட்டாவிதான் என்பது பிறகு தெரிந்தது. மூன்றாவது பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்பதால் அவளை வக்கீல் என்று கூப்பிடுவார்கள்.

"டீச்சர், ஆக்ஸிஜன் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வாசனை வருமா?"

"வராது."

"அப்ப அப்படி ஒண்ணு இருக்குன்னு முதல்ல யாருக்கு, எப்படித் தெரிஞ்சுது?"

யார் என்பது டீச்சருக்குத் தெரியும். வருஷமும் தெரியும். எப்படி என்பதுதான் தெரியாது. அவள் படித்த காலத்தில் அது பாடத்தில் ஒரு வரியாக இருந்தது. அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, அதோடு மறந்தும் போயிருந்தாள்.

"திங்கட்கிழமை சொல்றேன்" என்றாள். வக்கீல் உட்கார்ந்தாள். ஆனால் வழக்கு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறதே தவிர முடியவில்லை என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சரின் வீட்டுக்காரர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர், காலை ஷிப்ட் வந்தால் சாயங்காலச் சமையல் அவருடையது. அவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நியாயமான கேள்விதானே?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எனக்கே ஒரு சந்தேகம். ஒரு பொருள் எரிஞ்சா புகை போகுது, சூடு போகுது, கடைசியில ஒரு பிடி சாம்பல் மிஞ்சுது. கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆகுற கதைதான். அதுலேருந்து என்னமோ வெளிய போகுதுன்னுதான் நான் இத்தனை வருஷமா நினைச்சிட்டு இருந்தேன். நீ என்னடான்னா என்னமோ உள்ள வந்து சேருதுங்குற."

டீச்சர் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய மூளைகள் எல்லாம் சொன்னதாயிற்றே! ஏறக்குறைய நூறு வருஷம் இதைத்தான் நம்பினார்கள். எரிகிற பொருளுக்குள் ஒரு சத்து ஒளிந்திருக்கிறது, எரியும்போது அது தப்பித்துப் போகிறது என்று. அந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது, எப்படி உடைந்தது என்பதில்தான் வக்கீல் கேட்ட 'எப்படி' இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகங்களை மேசையில் பரப்பிப் படித்தாள். படிக்கப் படிக்க ஒரு பக்கம் வெட்கமாகவும், மறு பக்கம் விடுமுறை விட்ட பிள்ளை மாதிரி குஷியாகவும் இருந்தது. இத்தனை வருஷமும் பிள்ளைகளுக்குப் பசி எடுக்கவே விடாமல் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பலகையில் எதையும் எழுதவில்லை. மேசை மேல் ஒரு மெழுகுவத்தி, ஒரு கண்ணாடி ஜாடி, கொஞ்சம் காகிதம். அவ்வளவுதான்.

"இந்த வாரம் பூரா நாம முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இருக்கோம்" என்றாள். "அந்தக் காலத்துல ஆக்ஸிஜன்கிற வார்த்தையே பொறக்கல. அதனால இந்த அறையில யாரும் அதைச் சொல்லக் கூடாது. சொன்னா அபராதம். பலகையைத் துடைக்கணும்."

கொட்டாவி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எரிகிற பொருளில் இருப்பதாக அந்தக் காலத்தவர்கள் நினைத்த அந்தச் சத்துக்கு, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி தீச்சத்து என்று பெயர் வைத்தாள். காகிதத்தைக் கொளுத்தினாள். சாம்பலைக் காட்டி, "எடை ஏன் குறைஞ்சுது?" என்றாள். "தீச்சத்து போயிடுச்சு!" என்றது வகுப்பு. மெழுகுவத்தியை ஏற்றி ஜாடியைக் கவிழ்த்தாள். சற்று நேரத்தில் சுடர் சுருங்கி அணைந்தது. "ஏன்?" என்றாள். வக்கீல் எழுந்து நின்று, "உள்ள இருக்கிற காத்து தீச்சத்தைக் குடிச்சு வயிறு நிறைஞ்சிடுச்சு டீச்சர். இனிமே அதால குடிக்க முடியல. அதான் சுடர் அணைஞ்சிடுச்சு" என்றாள். அந்தக் காலத்து அறிஞர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்.

கரி ஏன் நன்றாக எரிகிறது? தீச்சத்து நிறைய. கல் ஏன் எரிவதில்லை? தீச்சத்து இல்லை. எந்தப் பூட்டைக் கொடுத்தாலும் அந்தச் சாவி திறந்தது. வாரக் கடைசியில் டீச்சருக்கே லேசாக உள்ளூர ஒரு பயம் வந்தது. தப்பான ஒன்று இவ்வளவு அழகாகப் பொருந்துமா என்று.

பொருந்தாத ஒன்றை அடுத்த வாரம் காட்டுவதாக இருந்தாள். அதற்குள் கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது.

இரண்டு பிரிவுக்கும் சேர்த்து அடுத்த பிரிவு டீச்சர் தயாரித்த வகுப்புத் தேர்வு, சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. 'பொருள்கள் எரியும்போது என்ன நடக்கிறது? விளக்குக' என்பது ஐந்து மார்க் கேள்வி. பாதி வகுப்புக்கு மேல் தீச்சத்தைப் பற்றி விளக்கோ விளக்கென்று விளக்கியிருந்தது. ஒரு பையன் மட்டும், 'விடை தெரியும், ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தான். திருத்திய டீச்சர் இவர்கள் எல்லாருக்கும் முட்டை போட்டுத் தாளைப் பெரிய டீச்சரின் மேசையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே வக்கீலின் அப்பா வந்தார். பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் பெரிய டீச்சர் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் படிச்சதே கெமிஸ்ட்ரிதாங்க மேடம்" என்றார். "என் வீட்டுல, எனக்கே என் பொண்ணு தப்பா பாடம் எடுக்குறா. எரிஞ்சா தீச்சத்து வெளிய போகுதாம். இல்லம்மா, ஆக்ஸிஜன் சேருதுன்னு சொன்னா, 'அந்த வார்த்தை இன்னும் பொறக்கலப்பா'ங்குறா! புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறா. இதுக்கா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்?"

பெரிய டீச்சர் இவளைப் பார்த்தார். "என்ன டீச்சர் இது? சரியானதைச் சொல்லிக் குடுக்கவே நேரம் பத்தல. தப்பை வேற வரவழைச்சுச் சொல்லிக் குடுக்குறீங்க."

"தப்புன்னு அவங்களே கண்டுபிடிக்கணும்னுதான் மேடம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தேர்வு வரும் என்று யோசித்திருக்க வேண்டியது அவள்தான். "இதுல என் தப்பு இருக்கு. ஒத்துக்குறேன். ஆனா பாதியில நிக்குது. நாளைக்கு ஒரு வகுப்பு மட்டும் குடுங்க. முடிச்சிடறேன்."

"பலகையில சரியான விடையை எழுதிப் போட்டு, பத்துத் தடவை எழுதச் சொல்லுங்க. அதுவே போதும்."

"அப்படி எழுதினா தீச்சத்துக்குப் பதிலா இன்னொரு வார்த்தையை மனப்பாடம் பண்ணுவாங்க. அவ்வளவுதான் மேடம்." அவரிடம் இவள் இப்படிப் பேசியது அதுவே முதல் முறை. பிறகு வக்கீலின் அப்பா பக்கம் திரும்பி, "சார், நீங்களும் வந்து உட்கார்ந்து பாருங்க. அப்பவும் சரியில்லைன்னு தோணினா, மேடம் சொல்ற மாதிரியே செஞ்சிடறேன்" என்றாள்.

அவர் வாட்சைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், "சரி, வரேன்" என்றார்.

மறுநாள் அவர் கடைசி பெஞ்சில், கொட்டாவிக்குப் பக்கத்தில், முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தார். முட்டை வாங்கின வருத்தத்தில் வகுப்பு உம்மென்றிருந்தது.

"உங்க மார்க் போனதுக்கு நான்தான் காரணம்" என்றாள் டீச்சர். "விளையாட்டுன்னு சொல்லி ஆரம்பிச்சேன். எங்க நிறுத்தணும்னு சொல்லல. தப்பு என்னோடது." பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர்கள் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

மேசை மேல் ஆய்வகத்தின் பழைய இரட்டைத் தட்டுத் தராசு இருந்தது. ஒரு தட்டில் தகர மூடி, அதன் மேல் பாத்திரம் தேய்க்கிற மெல்லிய இரும்பு நாரைப் பஞ்சு மாதிரி பிய்த்து வைத்தாள். மறு தட்டில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, முள் நடுவில் நிற்கும்படி செய்தாள்.

"இரும்பும் எரியும். இப்ப கொளுத்தப் போறேன். எரிஞ்ச பிறகு இந்தத் தட்டு மேல போகுமா, கீழ வருமா?"

"மேல!" என்றது வகுப்பு. "தீச்சத்து போயிடும், எடை குறையும், தட்டு மேல ஏறும்" என்று வக்கீல் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளமான தீக்குச்சியை நாரின் ஓரத்தில் வைத்தாள். சுடர் எழவில்லை. ஆரஞ்சு நிறக் கனல் இழை இழையாக ஓடியது, எறும்பு வரிசை ஓடுகிற மாதிரி. சின்னச் சின்னப் பொறிகள் தெறித்தன. நார் கறுத்தது. முள் அசைந்தது.

தட்டு கீழே இறங்கியது.

கொட்டாவிதான் முதலில் வாயைத் திறந்தான். "கழண்டு போச்சா டீச்சர், தராசு?"

மணலைச் சரிபார்த்தார்கள். புது நாரை வைத்து இன்னொரு தடவை கொளுத்தினார்கள். அந்தத் தடவையும் தட்டு இறங்கியது. தேய வேண்டிய கழுதை பருத்துப் போய் நின்றது.

வக்கீல் அசரவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தவள், "டீச்சர், தீச்சத்துக்கு எடையே மைனஸா இருக்கலாம். அது பொருளை மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்திருக்கும். அது போனதும் பொருள் கனமாயிடுச்சு" என்றாள்.

"அந்தக் காலத்துலயும் அப்படிச் சொன்னவங்க இருந்தாங்க" என்றாள் டீச்சர். "தான் நம்பினதை விடறது யாருக்கும் லேசு இல்ல."

கடைசி பெஞ்சில் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, மைனஸும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா! அது ஆக்ஸிஜன்! காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் இரும்போட சேருது!"

"அபராதம்!" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் கத்தியது. டீச்சர் ஏதோ சொல்ல வருவதற்குள் ஒரு பெண் துடைப்பானைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் மகளைப் பார்த்தார். மகள் இரக்கமே காட்டவில்லை. எழுந்து போய், ஒன்றும் எழுதாத பலகையை மேலிருந்து கீழாகச் சுத்தமாகத் துடைத்தார். துடைத்துவிட்டுத் திரும்பியபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, அந்த வார்த்தையைச் சொல்லல. ஆனா உள்ள என்னமோ வருதுங்குறேன்."

"வருதுன்னு எப்படித் தெரியும்ப்பா?"

"எப்படின்னா..." அவர் நிறுத்தினார். மகளுடைய கேள்வி டீச்சருக்குப் பழக்கமானது. அவர் முகத்தில் இப்போது ஓடுவது என்ன என்பதும் தெரிந்திருந்தது. எனவே அவரைக் காப்பாற்ற வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா சொல்றது ஒரு கட்சி. வக்கீல் சொல்றது ஒரு கட்சி. எது சரின்னு எப்படிப் பாக்குறது?"

கொட்டாவி மெதுவாக, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "வெளிய இருந்து உள்ள வந்தா, வெளிய குறையணும்ல?" என்றான்.

"இன்னொரு தடவை சொல்லு."

"இரும்பு காத்துலேருந்து எதையாவது எடுத்துக்கிட்டா, காத்து குறையணும். மூடி வச்சுப் பாத்தா தெரியும்."

வக்கீலின் அப்பா பெஞ்சை விட்டே எழுந்துவிட்டார். "டேய் தம்பி, அதை அளக்கலாம்! எரிக்கக்கூட வேணாம். துருப் பிடிக்க விட்டாலே போதும். அதுவும் மெதுவா எரியற மாதிரிதான். எங்க கம்பெனியே அந்தத் துருவை நம்பித்தான் ஓடுது." பிறகு டீச்சரைப் பார்த்து, "நீளக் கண்ணாடிக் குழாய் இருக்குமா டீச்சர்? கொஞ்சம் வினிகர்?" என்றார்.

அதன் பிறகு அவர் வாட்சைப் பார்க்கவில்லை. துரு சீக்கிரம் பிடிப்பதற்காக இரும்பு நாரை வினிகரில் அலசி, ஒரு பக்கம் அடைத்த நீளக் குழாயின் அடியில் குச்சியால் தள்ளி, குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாக நிறுத்தினார்கள். டீச்சர் தண்ணீர் மட்டத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள்.

"வக்கீல் கட்சி ஜெயிச்சா, இரும்புலேருந்து தீச்சத்து வெளிய வந்து காத்தோட சேரும். தண்ணி கீழ இறங்கும், இல்ல அப்படியே நிக்கும். அப்பா கட்சி ஜெயிச்சா, காத்து குறையும். தண்ணி குழாய்க்குள்ள ஏறும். ஒத்துக்குறீங்களா?"

"ஒத்துக்குறேன்" என்றாள் வக்கீல். அப்பாவும் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் டீச்சர் வந்தபோது, மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே பிள்ளைகள் ஆய்வக ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நார் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. தண்ணீர் சிவப்பு நூலைத் தாண்டி ஏறியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த நாள், குழாயில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு வந்து அப்படியே நின்றது. வாரக் கடைசி வரை பார்த்தார்கள். அதற்கு மேல் ஒரு நூல்கூட ஏறவில்லை.

வக்கீல் குழாய் முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "என் கட்சிய வாபஸ் வாங்கிக்கிறேன் டீச்சர்" என்றாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு கதை சொன்னாள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பாதிரியார் சிவப்புப் பொடி ஒன்றின் மேல் பெரிய பூதக்கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தைக் குவித்து, அதிலிருந்து ஒரு காற்றைப் பிடித்தார். அந்தக் காற்றில் மெழுகுவத்தி ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. மூடிய ஜாடிக்குள் எலி சாதாரணக் காற்றில் தாக்குப்பிடிப்பதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தது. அவர் பிடித்தது அந்த வார்த்தை பிறக்காத வாயுவைத்தான். ஆனால் அவர் அதைத் தீச்சத்து இல்லாத காற்று என்றே சொன்னார். இன்னொருவர் தராசை வைத்து எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, சேருவதுதான் நடக்கிறது என்று காட்டினார். அதற்கப்புறமும் பாதிரியார் சாகிற வரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"கையில புடிச்சவரே ஒத்துக்கலையா?" என்றாள் வக்கீல்.

"ஒத்துக்கல."

"அப்ப நான் அவரைவிடப் பெரிய ஆளா?"

"இந்த ஒரு விஷயத்துல, ஆமா" என்றாள் டீச்சர். வகுப்பு கைதட்டியது. வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் டீச்சர் பலகைக்குப் போய், இத்தனை நாள் பூட்டி வைத்திருந்த வார்த்தையைப் பெரிதாக எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் கொட்டாவி கேட்டுவிட்டான்: "ஐஞ்சுல ஒரு பங்குதானே போச்சு? மீதி நாலு பங்கு என்ன டீச்சர்? அதை ஏன் இரும்பு தொடல?"

அடுத்த செவ்வாய்க்கிழமை பெரிய டீச்சர் ஆய்வகத்துக்கு வந்தார். குழாயைப் பார்த்தார், சிவப்பு நூலைப் பார்த்தார். வக்கீலின் அப்பா முதல் நாளே அவருக்குப் போன் செய்து என்னவோ சொல்லியிருந்தார்.

"பழைய மார்க்கை மாத்த முடியாது டீச்சர். ரெண்டு பிரிவுக்கும் ஒரே நியாயம்" என்றார். "வேணும்னா நீங்களா இன்னொரு தேர்வு வைங்க. ரெண்டுல எது அதிகமோ அதைப் போட்டுக்கலாம்."

வைத்தாள். அதே கேள்வி, அதே ஐந்து மார்க். பிள்ளைகள் எழுதி எழுதி, கூடுதல் தாள் கேட்டுக்கொண்டே இருந்ததில், ஆபீஸ் கிளார்க் "ஏழாங்கிளாஸா, யூனிவர்சிட்டியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திருத்தினாள். எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கவில்லை. ஒருத்தி தராசைப் படம் வரைந்திருந்தாள். ஒருவன் பாதிரியார்மேல் பரிதாபப்பட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தான். கொட்டாவியின் தாளைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தார்:

"'பொருள்கள் எரியும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்கின்றன. எங்கள் குழாயில் தண்ணீர் ஏறியதால் இதை நம்புகிறேன். நீங்கள் நம்பவில்லை என்றால் நீங்களும் ஒரு குழாய் வைத்துப் பாருங்கள். வினிகரை மறந்துவிடாதீர்கள்.'"

அவர் தாளைக் கீழே வைத்தார். "இவனுக்கு எவ்வளவு போடுவே?"

"அஞ்சுதான் போட முடியும்" என்றாள் டீச்சர், பேனாவைத் தேடிக்கொண்டே.

"வினிகர் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் அவர். கேலி என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.